சீவரத்தில் ஒட்டிய அம்புகள்

சட்டைக் கம்பெனியில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. செக்கிங் டேபிளில் உட்கார்ந்தே பாதி ஆயுசு போய்விட்டது. தைத்து முடித்த சட்டை அவள் முன்னால் வந்து விழும். காலர், கை, பட்டன் பட்டி என்று விரல் ஓடும். நூல் தாண்டிய இடமோ, சுருக்கம் விழுந்த இடமோ, எங்கே கோளாறு இருக்கிறதோ அங்கே அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். அம்பு காட்டும் இடத்தில் தப்பு இருக்கும். தைக்க மாட்டாள், பிரிக்க மாட்டாள், யாரையும் திட்டக்கூட மாட்டாள். அம்பை ஒட்டி ஓரமாகப் போட்டுவிடுவாள். தைத்தவள் ஓடிவந்து எடுத்துப் பிரிக்க அதுவே போதும்.

இப்படி ஒரு வேலையை இத்தனை காலம் செய்தால் மனுஷிக்கு என்ன ஆகும்? வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓயாது. பக்கத்து வீட்டுக்காரி சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள் என்று யோசிப்பாள். கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் மகள் போனில் "நல்லா இருக்கேம்மா" என்றால், "ஏன், என்னாச்சு?" என்பாள். மகள் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் போனிலேயே கேட்கும்.

அப்படிப்பட்டவளின் புருஷன் திடீரென்று நிம்மதியாக இருக்க ஆரம்பித்தால் சும்மா விடுவாளா?

அவர் தூரப் பயண பஸ் டிரைவர். நேரம் கெட்ட நேரமாக எங்கெங்கோ ஆலைகளை மூடினார்கள், ஆட்கள் ஊர் ஊராகப் போவது குறைந்தது, பஸ்கள் ஒவ்வொன்றாக ஷெட்டுக்குள் போயின. "கூப்பிடுறோம், வீட்ல இருங்க" என்று சொல்லி அவரையும் அனுப்பிவிட்டார்கள். கூப்பிடவே இல்லை. ஆரம்பத்தில் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பிறகு போன் மேஜைமேல் கிடந்தது, அவர் கட்டிலில் கிடந்தார். போட்ட சாப்பாட்டில் பாதி தட்டிலேயே இருக்கும். இதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. வேலை போன மனுஷன் இப்படித்தான் இருப்பான், இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

அதற்கப்புறம்தான் கோளாறு தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு எங்கோ கிளம்பினார். மத்தியானம் திரும்பியபோது முகம் தெளிந்திருந்தது. டீ குடித்த டம்ளரைத் தானே கழுவி வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் டம்ளர் கழுவி அவள் பார்த்ததில்லை. அடுத்த வாரம் வாசல் பெருக்கினார். அதற்கடுத்து, காலையில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அவர் மூக்குக்குக் கீழே விரலை நீட்டிப் பார்த்தாள்.

"உயிரோடதான் இருக்கேன்," என்றார் கண்ணைத் திறக்காமல்.

மறுநாளே கம்பெனியில் இஸ்திரி போடுகிற தோழியிடம் சொன்னாள். அவள் நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதில் கெட்டிக்காரி.

"டம்ளர் கழுவுறாராக்கா? ஐயய்யோ! ஆம்பளைங்க தப்பு பண்ணினாதான் வீட்டு வேலை செய்வாங்க."

"வாயை மூடுடி. அவருக்குப் பேசவே வராது."

"பேசாதவங்களைத்தான் நம்பவே கூடாது. யாரு அவ?"

யாராவது ஒருத்தி இருந்தாலாவது போய் நாலு கேள்வி கேட்கலாம். அவர் சட்டையை முகர்ந்து பார்த்தாள், ஊதுபத்தி வாசனை. செருப்பைத் திருப்பிப் பார்த்தாள், அடியில் கரிய ரப்பர் தூள். ஊதுபத்தியும் ரப்பரும் சேர்ந்த பொம்பளை எப்படி இருப்பாள் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கடைசியில் நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை எங்கதான் போறீங்க?"

"ஒரு எடம். புத்த மார்க்கத்துக்காரங்க. எல்லாரும் சேர்ந்து சும்மா உக்காந்திருப்போம்."

"சும்மா உக்கார்றதுக்கு நம்ம வீட்ல எடம் இல்லையா?"

"இங்க தனியா உக்காந்தா மனசு கெட்ட பக்கமே ஓடுது. அங்க நாலு பேர் கூட இருக்காங்கல்ல."

"என்ன கேக்குறாங்க உங்ககிட்ட?"

"ஒண்ணும் கேக்கல."

அதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. ஏதாவது கேட்டால் இதுதான் விஷயம் என்று தெரிந்துபோகும். ஒன்றுமே கேட்காதவர்கள் முழு ஆளையே கேட்கப் போகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

இதற்கிடையில் அவள் கம்பெனியும் ஆட்டம் கண்டது. ஒரு நாள் காலையில் போனால் ஒரு வரிசை மெஷின்கள் முழுக்க வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தன. அதில் உட்கார்ந்து தைத்தவர்கள் வாசலோடு திரும்பிப் போயிருந்தார்கள். மேனேஜர் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார். அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து எடுக்கவில்லை. அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். புருஷன் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை என்று நினைத்தாள். எழுந்து முகம் கழுவி, "சாப்பாடு போடவா?" என்று கேட்டபோது அவரும் ஒன்றும் கேட்கவில்லை. கல் மனசு என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டாள்.

அதற்குச் சில வாரம் கழித்துத்தான் அந்தத் துணி கையில் கிடைத்தது.

அவருடைய பழைய டிரைவர் பை கட்டிலுக்கடியில் இருந்தது. வேலை இல்லாதவருக்கு வேலைப் பை எதற்கு? இழுத்துத் திறந்தாள். உள்ளே ஊசி, நூல்கண்டு, விரலுறை, மடித்து வைத்த பெரிய துணி. பழுப்பும் காவியும் கலந்த நிறம். பிரித்துப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான், பயம் இல்லை. நல்ல புதுத் துணியைப் பட்டை பட்டையாக வெட்டி, திரும்பவும் கையாலேயே ஒன்றோடொன்று ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தார்கள். எந்தக் கிறுக்கன் செய்வான் இதை?

அதற்கப்புறம் நிறம் உறைத்தது. சாமியார்களும் பிக்குகளும் போர்த்துவது.

ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாள். விரல் தானாக ஓடியது. அவருடைய லுங்கியை மேலே போட்டு அளந்தாள், நீளம் அவர் உயரத்துக்குக் கச்சிதமாக இருந்தது. அடக் கடவுளே! தனக்குத் தானே தைத்துக்கொண்டிருக்கிறார். மொட்டை அடித்துக்கொண்டு போகப்போகிறார். வேலை இல்லை, பெண்டாட்டி வேலையும் போகப்போகிறது, நமக்கென்ன என்று கும்பிடு போட்டுவிட்டு நழுவப்போகிறார்.

அதோடு போகவில்லை. முதல் இரண்டு பட்டைகளில் தையல் நெருக்கமாக, நூலை இறுக்கி இழுத்து, துணியே சுருங்கும்படி இருந்தது. மூன்றாவதிலிருந்து தையல் தளர்ந்து, அகலமாக, கோணலாக, ஆனால் சுருக்கமே இல்லாமல் போயிருந்தது. ஒருத்தர் கை நடுவில் இப்படி மாறாது. அவள் பார்க்காத கையா? மூன்றாவது பட்டையில் ஆள் மாறியிருக்கிறது. வேறு எவளோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

இஸ்திரிக்காரி சொன்னது சரிதான் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

அப்போது அவள் செய்ததை வேறு எந்தப் பெண்டாட்டியும் செய்திருக்க மாட்டாள். கத்தியிருப்பாள், துணியைக் கிழித்திருப்பாள், அடுப்பில் போட்டிருப்பாள். இவள் கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். கோணல் தையல் ஒவ்வொன்றுக்கும் ஒரு அம்பு. இறுகிய தையல் ஒவ்வொன்றுக்கும் ஒரு அம்பு. ஒட்டி ஒட்டி, துணி முழுக்க அம்மை போட்ட மாதிரி ஆனது. பழையபடி மடித்து, பையில் வைத்து, கட்டிலுக்கடியில் தள்ளினாள். அவர் திறக்கட்டும். தப்பு பண்ணினவர் வந்து வாயைத் திறக்கட்டும்.

அவர் திறந்தார். மறுநாள் பை இடம் மாறியிருந்தது. ஆனால் மனுஷன் வாயைத் திறக்கவில்லை! "சாப்பாட்டுல உப்பு சரியா இருக்கு" என்றார். அவள் பாதித் தட்டோடு எழுந்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க அவர் டம்ளர் கழுவினார், அவள் அவர் முதுகையே பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பையோடு கிளம்பினார். அவள் கொஞ்சம் விட்டுப் பின்னாலேயே போனாள். கடைத்தெரு தாண்டி, பஸ் ஷெட் தாண்டி, ஒரு டயர் கடையின் பக்கவாட்டு மாடிப்படியில் ஏறினார். ரப்பர் தூள் புரிந்தது. மாடி வாசலில் செருப்புகள் கிடந்தன. எத்தனை பொம்பளைச் செருப்பு என்று பார்த்தாள். நிறைய இருந்தன. தேய்ந்த செருப்பு, ஊக்கு குத்திய செருப்பு, ஒரு பக்கம் பிய்ந்த ரப்பர் செருப்பு. மயக்க வருகிறவள் எவளும் இப்படிப்பட்ட செருப்பில் வரமாட்டாள் என்று ஒரு கணம் தோன்றியது. அதையும் ஒதுக்கித் தள்ளிக் கதவைத் திறந்தாள்.

யாரும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கவில்லை. பாய் விரித்த அறையில் அந்தக் காவித் துணியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். டயர் கடைக்காரர், பள்ளிக்கூட ஆயா, வேலை போன இன்னும் சிலர். துணி நடுவில் விரிந்திருந்தது. அவள் ஒட்டிய சிவப்பு அம்புகள் ஒன்றுகூட எடுக்கப்படாமல் அப்படியே இருந்தன. புருஷன் அவளைப் பார்த்து எழப்போய்த் திரும்ப உட்கார்ந்தார்.

மொட்டைத் தலையோடு ஒரு பெண் நிமிர்ந்தாள். இவளைவிட வயது குறைவு. மேலே போர்த்தியிருந்த காவி நைந்து, முழங்கைப் பக்கம் ஒட்டுக்கு மேல் ஒட்டு. கடும் ஜலதோஷம் பிடித்திருந்தது அவளுக்கு. பிக்குணியாவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவளாம். தும்மிவிட்டுக் கேட்டாள்.

"இந்த அம்பெல்லாம் வச்சது நீங்களாக்கா?"

"நான்தான். என்ன இப்போ?"

"இல்ல, எங்க தையலை யாரும் இவ்வளவு பொறுமையாப் பாத்ததே இல்ல. நாங்க எல்லாரும் உக்காந்து ஒவ்வொண்ணாப் பாத்துட்டிருக்கோம். எல்லா அம்பும் சரியான எடத்துலதான் இருக்கு."

டயர் கடைக்காரர் தலையை ஆட்டினார். கிண்டல் பண்ணுகிறார்களா என்று அவள் முகம் முகமாகப் பார்த்தாள். அப்படித் தெரியவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

"எனக்கு உங்க நல்ல வார்த்தையெல்லாம் வேணாம். இந்தத் துணி யாருக்கு? எங்க வீட்டுக்காரரை மொட்டை அடிச்சுக் கூட்டிட்டுப் போகப்போறீங்களா? அத நேரா சொல்லுங்க!"

கீழே டயர் கடையில் காற்றடிக்கும் மெஷின் அடித்துக்கொண்டிருந்தது. 

"நீங்களே சொல்லுங்கண்ணா," என்றாள் பிக்குணி அவள் புருஷனைப் பார்த்து.

அவர் துணியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இதுக்குப் பேரு சீவரம். வெட்டி ஒட்டுப்போட்டுத்தான் தைக்கணும். வெட்டின துணியை எவனும் திருட மாட்டான், அதுக்குத்தான். ஒவ்வொரு தையலுக்கும் மனசுக்குள்ள சரணம்னு சொல்லணும். இந்தப் பிக்குணி அம்மாவோட சீவரம் கிழிஞ்சுபோச்சு, அவங்களுக்காகத்தான் தைக்கிறோம்."

"உங்க உயரத்துக்கு இருக்கு?"

"அம்மாவும் என் உயரம்தான்."

அவள் பிக்குணியை நிற்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கண்ணாலேயே அளந்துவிட்டாள். உண்மைதான்.

"சரி. மூணாவது பட்டையிலிருந்து தச்சது யாரு? கை மாறியிருக்கு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

"யாரும் மாறல. எல்லாம் நான்தான் தச்சேன்."

"பொய் சொல்லாதீங்க. ஒரு கை அப்படி மாறாது."

"மாறிச்சு." அவர் இப்போதுதான் நிமிர்ந்தார். "மொத ரெண்டு பட்டையை எனக்குன்னு நினைச்சுத்தான் தச்சேன். ஆரம்பத்துலயே அம்மாகிட்ட கேட்டுட்டேன், என்னையும் சேத்துக்குங்கன்னு. வீட்ல கேட்டுட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. உன்கிட்ட கேக்கற தைரியம் எனக்கு இல்ல. இவங்களுக்குன்னு கொடுத்த துணியில எனக்குன்னு தச்சுக்கிட்டிருந்தேன், திருட்டுத்தனமா."

அறையில் இருந்தவர்களுக்கும் அது புதுச் செய்தி போலிருந்தது. ஆயா கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள்.

"அப்ப போகணும்னு நினைச்சீங்க," என்றாள் அவள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"நினைச்சேன். ஒண்ணுக்கும் உதவாம வீட்ல கெடக்குறதுக்கு, போயிட்டா உனக்கு ஒரு வாய் குறையும்னு நினைச்சேன். அப்புறம் ஒரு நாள் நீ சமையக்கட்டுல பையோட உக்காந்து அழுதே. நான் காயப்போடற ஈரத் துணியைக் கையில வச்சுக்கிட்டு வெளியே நின்னேன். உள்ள வரவும் முடியல, நகரவும் முடியல. அதுக்கப்புறம் இதைக் கையில எடுத்தப்போ எனக்குன்னு தைக்க வரல. எப்படியோ இறுக்கிப் பிடிச்ச கை தளந்துபோச்சு."

இத்தனை வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. சந்தேகம் சரியாகிவிட்டால் தெம்பாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். நின்ற இடத்திலேயே பாயில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் வந்தது பாருங்கள் அழுகை! முந்தானை எடுக்கவும் நேரமில்லை.

"பாவி மனுஷா! வாயைத் திறந்து கேட்டிருந்தா என்ன? போகாதேன்னு சொல்லியிருப்பேன்ல! உனக்குச் சோறு போடறதா எனக்குப் பாரம்?" என்று அத்தனை பேர் முன்னாலும் ஒருமையில் திட்டினாள்.

யாரும் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. "அழாதீங்க" என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எழுந்து வெளியே போகவும் இல்லை, பார்வையைத் திருப்பவும் இல்லை. ஆயா மட்டும் ஒரு சொம்பு தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். சமையலறைத் தரையில் தனியாக அழுததற்கும் இதற்கும் இருந்த வித்தியாசம் அவளுக்கே தெரிந்தது. இங்கே வாயை அடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

அழுது முடித்ததும் முதல் வேலையாகத் துணியைப் பக்கத்தில் இழுத்தாள். "இதைப் பிரிச்சுத்தான் ஆகணும். மொத ரெண்டு பட்டையும் சுருங்கிக் கெடக்கு."

"இங்க ஒருத்தர் தச்சதை இன்னொருத்தர் பிரிக்கிறதில்லக்கா," என்றாள் பிக்குணி மூக்கைத் துடைத்துக்கொண்டு. "சுருங்கினா சுருங்கினபடியே போர்த்திக்கிறேன்."

"இது என்ன கூத்து! எங்க கம்பெனியா இருந்தா இது ரிஜெக்ட்."

"கடைசிப் பட்டை பாக்கி இருக்கு. நீங்க தைக்கிறீங்களா?"

"நான் செக்கர். தைக்க மாட்டேன்." ஆனால் சொல்லும்போதே ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். மனசுக்குள் சரணம் சொன்னாளா என்று கேட்டால், இல்லை. புருஷன் எழுந்து எங்காவது போகிறாரா என்று ஒரு கண் வைத்துக்கொண்டே தைத்தாள்.

அடுத்த மாதமே கம்பெனி மூடிவிட்டது. கடைசி நாள் இஸ்திரிக்காரியும் அவளும் கட்டிப்பிடித்து அழுதார்கள். வீட்டுக்கு வந்தபோது புருஷன் வாசலிலேயே நின்றிருந்தார். இந்த முறை அவள் சமையலறைக்கு ஓடவில்லை. ஞாயிறு விடிந்ததும் இரண்டு பேருமாக டயர் கடை மாடிக்குப் போனார்கள். போகும் வழியெல்லாம், "உங்களுக்காகத்தான் வரேன், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அங்கே அவளுக்குக் கண்ணை மூடவே வரவில்லை. கண்ணை மூடினால் கைப்பை என்ன ஆகுமோ, யார் யாரைப் பார்க்கிறார்களோ என்று பதறியது. போய்ப் பிக்குணியிடம் சொன்னாள்.

"திறந்தே வச்சுக்குங்க," என்றாள் பிக்குணி. "எங்களை நம்பணும்னு ஒண்ணுமில்ல. பாத்துக்கிட்டே இருங்க."

அது அவளுக்குத் தெரிந்த வேலை. கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். அறை முழுக்கப் பார்த்தாள். வேலை போனவர்கள், பெற்ற பிள்ளையோடு பேச்சு விட்டுப்போனவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தவர்கள் எல்லாம் முதுகை நிமிர்த்தி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் இருமினால் பக்கத்திலிருப்பவர் தண்ணீரை நகர்த்தி வைத்தார். வாரா வாரம் கோளாறு தேடினாள். ஆயா வராத வாரம் இரண்டு பேர் ஆயா வீட்டுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தார்கள் என்று தெரிந்தபோது, அதிலும் ஏதோ இருக்கும் என்று அவளே மூன்றாவது ஆளாகப் போனாள். காய்ச்சலில் கிடந்த ஆயாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். நாளைக்கு என்ன என்ற பயம் போய்விடவில்லை. ஆனால் அந்தப் பயத்தோடு உட்கார ஒரு பாயும் பக்கத்தில் நாலு பேரும் இருந்தார்கள். தெம்பு என்று அவள் அதைச் சொல்ல மாட்டாள். "பரவாயில்ல" என்பாள்.

சீவரம் முடிந்து, பிக்குணி முதல்முறை அதைப் போர்த்திக்கொண்ட ஞாயிறு எல்லோரும் குனிந்து வணங்கினார்கள். சுருங்கிய இரண்டு பட்டைகளும் முதுகுப் பக்கம் பளிச்சென்று தெரிந்தன. அம்புகளையெல்லாம் உரித்தாயிற்று என்று நினைத்திருந்தாள். தோளுக்குக் கீழே ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் எழுந்துபோய்ப் பிய்த்திருப்பாள். அன்று அவள் அதற்குமேல் சீவரத்தைப் பார்க்கவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த புருஷனின் முகத்தைப் பார்த்தாள். கண், வாயோரம், தொண்டை என்று ஒரு இடம் விடாமல் பார்த்தாள். எங்கேயாவது அதைப் போர்த்திக்கொண்டு போகும் ஆசை மிச்சமிருக்கிறதா?

அவர் திரும்பினார். "என்ன அப்படிப் பாக்குறே?"

"ஒண்ணுமில்ல. செக் பண்றேன்."

"பாஸா?"

அவள் பாயில் கிடந்த அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் பாத்து முடிக்கல," என்றாள். "எங்கயும் போயிடாதீங்க."